சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்குச் சம்பளம்?

சற்று நீண்ட பதிவு. கணக்கும் வருகிறது. பயப்பட வேண்டாம், ஆறாம் வகுப்புப் பின்னம் தெரிந்தால் போதும். பாதியில் ஓடிப்போகிறவர்களை ஹாஜர் பட்டியலில் குறித்துக்கொள்வேன்.

விஷயம் இதுதான். என்னிடம் படித்த ஒருவர் நம் ஊரில் சலூன் வைத்திருக்கிறார். சிறிய கடை. இரண்டு சுழல் நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. அவரும், கைக்கு ஆளாக இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனும் வேலை செய்கிறார்கள். பையன் தொழிலைச் சுத்தமாகக் கற்றவன். இந்த மாதக் கடைசியோடு அவனை நிறுத்திவிடலாமா என்று கடைக்காரர் யோசிக்கிறார். அந்த யோசனையைக் கொடுத்தவர் நம் குடும்பத்து எம்.பி.ஏ., என் தங்கை மகன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது பெரிய விவாதமாகி, பதினேழு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளையின் வாதம் நான்கே வரி. "பையன் பாதி நேரம் சும்மா உட்கார்ந்து போன் நோண்டுகிறான். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்குச் சம்பளம்? அவனை அனுப்பிவிட்டு, பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்து, ஏ.சி. போட்டு, எட்டுப் பேர் உட்காரும்படி சோபா போடுங்கள். கூட்டம் வந்தால் உட்காரட்டும்." இதற்காக இரண்டு லட்சம் கடனுக்கு வங்கியிலும் பேசியாகிவிட்டது.

மாப்பிள்ளை, உன் மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் நீ சொன்னது தப்பு. உனக்குக் கட்டை விரல் காட்டியவர்களில் குறைந்தது ஆறு பேர் கம்ப்யூட்டர் சயன்ஸ் இன்ஜினியர்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் நான்காம் செமஸ்டரில் 'ப்ராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி' என்று ஒரு தாள் எழுதியவர்கள். பி.க்யூ.டி. என்று சுருக்கிச் சொல்லிப் பயந்துகொண்டிருந்தீர்களே, அதே தாள். அதில் 'ஒரே ஆள் உள்ள சலூன், இத்தனை நாற்காலி, இடமில்லையென்றால் வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவார்' என்று தொடங்கும் கணக்குப் போடாத பேட்ச் உண்டா? பரீட்சையில் பதினாறு மதிப்பெண்ணுக்குப் போட்ட கணக்கு, ஊரில் ஒரு நிஜச் சலூனும் ஒரு நிஜப் பையனும் கண் முன்னால் நிற்கும்போது ஏன் ஞாபகம் வரவில்லை? என் கோபம் அதுதான்.

இந்தக் கணக்கின் பிதாமகர் யார் தெரியுமா? டென்மார்க்கின் ஆக்னர் கிராருப் எர்லாங். 1878-ல் பிறந்தவர். அவரும் முதலில் பள்ளி ஆசிரியர்தான் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. 1908-ல் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனிக்கு இருந்த கேள்வி எளிமையானது. எத்தனை பேர் எப்போது பேசுவார்கள் என்று தெரியாது. அப்படியானால் எத்தனை லைன் போட வேண்டும்? குறைவாகப் போட்டால் கூப்பிடுகிறவன் ஏமாந்து போவான். அதிகமாகப் போட்டால் காசு வீண். 1909-ல் முதல் கட்டுரை எழுதினார். 1917-ல், எல்லா லைனும் நிரம்பியிருக்கும்போது வருகிற அழைப்பு எத்தனை பங்கு வீணாகும் என்று சொல்லும் புகழ்பெற்ற சூத்திரத்தை வெளியிட்டார். இன்றும் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயர்தான். டிரங்க் கால் காலத்தில் 'லைன் பிஸி' என்று கேட்டு நொந்தவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். சலூன் வாசலில் எட்டிப் பார்த்து, இடமில்லை என்று திரும்பிப் போகிறவனும் அந்த 'லைன் பிஸி'தான்.

இப்போது நம் கடைக்கு வருவோம். நான் கேட்டுக்கொண்டபடி கடைக்காரர் இரண்டு வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எண்ணினார். உள்ளே வந்தவருக்கு ஒரு கோடு, எட்டிப் பார்த்துவிட்டுப் போனவருக்குக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். எண்களை ரவுண்டாகச் சொல்கிறேன். கடை ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். செவ்வாய் விடுமுறை. ஞாயிறு தவிர மற்ற ஐந்து நாட்களில் மணிக்குச் சராசரியாக 3 பேர் வருகிறார்கள். ஞாயிறு மணிக்கு 6 பேர். ஒருவருக்குக் கட்டிங், ஷேவிங் எல்லாம் சேர்த்துச் சராசரி 20 நிமிடம். அதாவது ஒரு ஆள் மணிக்கு 3 பேருக்கு வேலை செய்ய முடியும்.

"மணிக்கு 3 பேர் வருகிறார்கள், ஒரு ஆள் மணிக்கு 3 பேரைப் பார்க்கிறார். சரியாகப் போய்விட்டதே, இரண்டாவது ஆள் எதற்கு?" இதுதான் மாப்பிள்ளையின் எக்செல் ஷீட். அதில் ஒரே ஒரு ஓட்டை. சரியாக இருபது நிமிடத்துக்கு ஒருவராக வாடிக்கையாளர் வரமாட்டார். பதினொன்றே காலுக்கு மூன்று பேர் ஒன்றாக வருவார்கள். பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை ஈ காக்கை இருக்காது. இந்த ஒழுங்கில்லாத வருகைக்குத்தான், பழைய ப்ளஸ் டூ பாடத்திட்டத்தில் நான் தொண்டை வற்றக் கற்றுக்கொடுத்த பாய்சான் பரவல்.

பன்னிரண்டு மணிக்குச் சும்மா இருந்த நேரத்தைச் சேமித்து வைத்து ஒன்றே காலுக்கு எடுத்துச் செலவழிக்க முடியுமா? முறுக்குக் கடையாக இருந்தால் ஆள் இல்லாத நேரத்தில் சுட்டு டின்னில் போட்டு வைக்கலாம். தலைமுடியை முன்கூட்டியே வெட்டி டப்பாவில் வைக்க முடியாது. சேவைத் தொழிலுக்கும் சரக்குத் தொழிலுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இதுதான்.

ஒரு ஆள், மூன்று காத்திருப்பு நாற்காலி என்று வைத்துக்கொள்வோம். கடைக்குள் இருப்போர் எண்ணிக்கை 0, 1, 2, 3, 4 என்று ஐந்து நிலைகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வருகிற வேகமும் முடித்து அனுப்புகிற வேகமும் ஒன்றேயானால், எண்ணிக்கை ஒன்று ஏறுவதற்கும் ஒன்று இறங்குவதற்கும் சம வாய்ப்பு. ஆகவே நீண்ட காலத்தில் ஐந்து நிலைகளும் சமமாக நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு.

இதன் பொருளைக் கவனியுங்கள். ஐந்தில் ஒரு பங்கு நேரம் கடை நிறைந்திருக்கும். அப்போது வருகிறவர் திரும்பிப் போவார். ஒரு நாளைக்கு வரும் 30 பேரில் 6 பேர் போய்விட்டார்கள். அதே நாளில், ஐந்தில் ஒரு பங்கு நேரம், அதாவது 2 மணி நேரம், கடை காலி. அந்த ஒற்றை ஆளும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்! வாடிக்கையாளர் திரும்பிப் போவதும், ஆள் சும்மா இருப்பதும் ஒரே கடையில், ஒரே நாளில் நடக்கும். 'சும்மா இருக்கிறான்' என்பதை வைத்து 'ஆள் அதிகம்' என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய அபத்தம் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

அடுத்து, மாப்பிள்ளையின் சோபா. காத்திருக்க நாற்காலியே இல்லையென்றால் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள். ஒரு நாற்காலி போட்டால் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு போட்டால் நான்கில் ஒரு பங்கு. மூன்று போட்டால் ஐந்தில் ஒரு பங்கு. இப்படியே போய், எட்டு நாற்காலிக்குப் பத்தில் ஒரு பங்கு. முதல் நாற்காலி காப்பாற்றியது ஆறில் ஒரு பங்கு வாடிக்கையாளரை, அதாவது நாளைக்கு 5 பேரை. எட்டாவது நாற்காலி காப்பாற்றுவது தொண்ணூறில் ஒரு பங்கை. அதாவது மூன்று நாளைக்கு ஒரே ஒருவரை. பின்னம் கழிக்கத் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம்.

அந்த எட்டு இருக்கைக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் விலை என்ன? மூன்று நாற்காலி இருந்தபோது உள்ளே வந்து உட்கார்ந்தவர் சராசரியாக 30 நிமிடம் காத்திருப்பார். எட்டு போட்டால் 80 நிமிடம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது: வரிசையில் இருப்போரின் சராசரி எண்ணிக்கையை, மணிக்கு உள்ளே வருவோர் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். எட்டு இருக்கைக் கடையில் காத்திருப்போர் சராசரி 3.6 பேர். உள்ளே வருவோர் மணிக்கு 2.7. வகுத்துப் பாருங்கள். ஒரு மணி இருபது நிமிடம்.

திரும்பிப் போவோரைப் பாதியாகக் குறைக்கிறேன் என்று சொல்லி, உள்ளே இருப்பவரின் காத்திருப்பை இரண்டரை மடங்குக்கும் மேல் ஆக்கிவிட்டாய் மாப்பிள்ளை. காத்திருப்பு அறை காத்திருப்பைத்தான் உற்பத்தி செய்யும். கட்டிங் செய்வது கை.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். மணிக்கு 6 பேர் வருகிறார்கள், ஒற்றை ஆள் 3 பேரைத்தான் பார்க்க முடியும். இப்போது ஒவ்வொரு நிலையின் பங்கும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. 1, 2, 4, 8, 16. மொத்தம் 31. கடை நிறைந்திருக்கும் பங்கு 31-ல் 16. வந்த 60 பேரில் 31 பேர் போய்விடுவார்கள், 29 பேருக்கு வேலை நடக்கும். சரி, எட்டு இருக்கை போடு. எத்தனை பேருக்கு வேலை நடக்கும்? 30 பேர். இரண்டு லட்சம் கடன் வாங்கி, ஏ.சி. போட்டு, சோபா போட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உழைத்தால் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு தலை! ஏனென்றால் ஒரு ஜோடிக் கை பத்து மணி நேரத்தில் 30 பேருக்கு மேல் பார்க்க முடியாது. அந்த ஒரு தலைக்காக மற்றவர்களின் சராசரிக் காத்திருப்பு 45 நிமிடத்திலிருந்து 2 மணி 20 நிமிடமாகும். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்த மனிதன் 2 மணி 20 நிமிடம் உட்காருவானா? மிளகாய் அரைத்து முடித்து வீட்டிலிருந்து போன் வந்துவிடும்.

இனி நம் பையனை வைத்துக் கணக்குப் போடுவோம். இரண்டு ஆள், அதே மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. சாதாரண நாள். கடைக்குள் இரண்டு பேர் சேர்ந்ததும் இரண்டு கையும் வேலை செய்யும், முடிக்கும் வேகம் இரு மடங்கு. ஆகவே அதற்கு மேல் ஒவ்வொரு நிலையும் முந்தையதில் பாதியாகும். 16, 16, 8, 4, 2, 1. கூட்டினால் 47. கடை நிறைந்திருப்பது 47-ல் ஒரு பங்கு மட்டுமே. திரும்பிப் போவோர் நாளைக்கு ஒருவர்கூட முழுதாக இல்லை. காத்திருப்பு 30 நிமிடத்திலிருந்து 5 நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். இடம் பற்றாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவிட்டாலும் 23-ல் ஒரு பங்குதான் திரும்பிப் போவார்கள். எட்டு சோபாவை விட இரண்டு நாற்காலியும் இரண்டாவது ஆளும் மேல்.

அப்படியானால் பையன் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறான்? அதே கணக்கில், சாதாரண நாளில் ஒவ்வொருவரும் வேலை செய்யும் நேரம் 49 சதவீதம். ஆம், பாதி நேரம் சும்மாதான்! மாப்பிள்ளை கண்ணால் பார்த்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பொய். அந்தப் பாதி நேரச் சும்மாதான் 30 நிமிடக் காத்திருப்பை 5 நிமிடமாக்குகிறது. தீயணைப்பு வண்டி நாள் முழுக்க நிலையத்தில் சும்மா நிற்கிறது என்று அதை விற்றுவிடலாமா? 108 வண்டி டிரைவர் மர நிழலில் உட்கார்ந்திருக்கிறார் என்று சம்பளத்தைப் பிடிக்கலாமா? தயாராக இருப்பதும் வேலைதான்.

"வாத்தியார் கணக்கு நல்லாத்தான் இருக்கு, கல்லா நிரம்புமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். அதையும் பார்ப்போம். தலைக்குச் சராசரி 120 ரூபாய். பையனுக்கு நாள் சம்பளம் 700. சாதாரண நாளில் அவனால் கூடுதலாக வருவது 5 பேர், 600 ரூபாய். சம்பளம் போக 100 ரூபாய் நஷ்டம். மறைக்கவில்லை. மாப்பிள்ளை இந்த இடத்தில்தான் கால்குலேட்டரை மூடிவிட்டார். ஞாயிறுக்கு வாருங்கள். இரண்டு ஆள் இருந்தால் நிலைகள் 1, 2, 2, 2, 2, 2, மொத்தம் 11. திரும்பிப் போவோர் 11-ல் 2. வேலை நடப்பது 49 பேருக்கு. ஒற்றை ஆளின் 29-ஐ விட 20 பேர் கூடுதல். 2,400 ரூபாய். சம்பளம் போக 1,700 லாபம். காத்திருப்பு 13 நிமிடம்.

ஆறு நாளையும் சேர்த்தால் வாரத்துக்கு 45 பேர் கூடுதல், 5,400 ரூபாய். சம்பளம் 4,200. பிளேடு, கிரீம், துண்டு என்று தலைக்குப் பத்து ரூபாய் போனாலும் 750 ரூபாய் மிச்சம். மாதத்துக்கு மூவாயிரம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் நஷ்டம் இல்லை, ஒரு பையனின் அடுப்பும் எரிகிறது.

சோபா திட்டத்துக்கும் நியாயமாகக் கணக்குப் பார்ப்போம். சாதாரண நாளில் 3 பேர், ஞாயிறு ஒருவர், வாரத்துக்கு 16 பேர் கூடுதல். செலவு போக 1,760. மாதத்துக்கு 7,040 ரூபாய். சம்பளமும் கிடையாது. அடடா, மாப்பிள்ளை ஜெயித்துவிட்டார் என்று தோன்றுகிறதா? இரண்டு லட்சத்துக்கு 12 சதவீத வட்டி, மூன்று வருடத் தவணை என்றால் மாதத் தவணையே 6,640 ரூபாய்க்கு மேல். மிச்சம் நானூறு. அதில் பக்கத்து அறை வாடகையும் ஏ.சி. கரண்ட் பில்லும் கட்ட வேண்டும். அதுவும், சாதாரண நாளில் 80 நிமிடமும் ஞாயிறு 2 மணி 20 நிமிடமும் எல்லோரும் முணுமுணுக்காமல் உட்கார்ந்திருந்தால்! உட்கார்ந்தவர் எழுந்து போகமாட்டார் என்று என் கணக்கு எடுத்துக்கொண்டது. நிஜத்தில் எழுந்து போவார். சோபா திட்டத்துக்கு என் கணக்கு சலுகைதான் காட்டியிருக்கிறது.

"சரி, ஞாயிறு மட்டும் ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாமே?" என்று என் சகலை கேட்டார். நல்ல கேள்வி. ஞாயிறு உங்கள் கடையில் மட்டுமா கூட்டம்? ஊரில் எல்லாச் சலூனிலும் கூட்டம். வாரம் முழுக்கச் சோறு போடுகிற கடையை விட்டுவிட்டு, ஒரு நாள் மட்டும் கூப்பிடுகிற கடைக்கு எந்த நல்ல தொழிலாளி வருவான்? சாதாரண நாளின் அந்த 100 ரூபாய் நஷ்டம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் நம் கடையில் நிற்பதற்கு நாம் கட்டும் பிரீமியம். இன்சூரன்ஸ் ஏஜென்ட் நம் குடும்பத்தில் மூன்று பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

இன்னொரு மாணவி பெங்களூரிலிருந்து, "சார், டோக்கன் ஆப் செய்து தருகிறேன், இலவசமாக" என்றாள். மிகவும் சந்தோஷம் அம்மா, செய்து கொடு. வாடிக்கையாளர் டீக்கடையிலோ வீட்டிலோ காத்திருக்கலாம், வெயிலில் நடந்து வந்து திரும்ப வேண்டாம். ஆனால் ஒன்று புரிந்துகொள். ஆப் என்பது இன்னொரு சோபாதான், சுவர் இல்லாத சோபா. எத்தனை நேரம் ஆகும் என்ற உண்மையைச் சொல்லும், கத்தரி பிடிக்காது.

கணிதம் தெரிந்த பிள்ளைகள் சிலர் குறுக்கே வருவார்கள் என்று தெரியும். "சார், நீங்கள் கட்டிங் நேரத்தை எக்ஸ்பொனென்ஷியல் என்று எடுத்துக்கொண்டீர்கள். நிஜத்தில் அவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்காதே?" சபாஷ். சரிதான். சேவை நேரம் சீராக இருந்தால் காத்திருப்பு குறையும். இடத்துக்கு அளவில்லாத ஒற்றை ஆள் வரிசையில், சேவை நேரம் கொஞ்சமும் மாறாமல் இருந்தால் வரிசையில் நிற்கும் சராசரி நேரம் பாதியாகும் என்பது நிரூபணமான விஷயம். கவனியுங்கள், பாதிதான், பூஜ்யம் இல்லை. வருகிறவர்கள் ஒழுங்கில்லாமல் வரும்வரை மீதிப் பாதி ஒழியாது. சில நிமிடங்கள் முன்னே பின்னே ஆகலாம். இரண்டாவது கை மூன்றாவது சோபாவை விட மேல் என்ற முடிவு மாறாது.

கடைக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடையில் இன்னொரு குறை இருக்கிறது. "அண்ணன் கையாலதான் வெட்டிக்குவேன்" என்று சொல்கிறவர்களை நீங்கள் ரசிக்கிறீர்கள். அது பெருமைதான். ஆனால் மூன்று பேர் உங்களுக்காக உட்கார்ந்திருக்க, பக்கத்தில் பையன் காலியாக நிற்கும்போது, உங்கள் கடை இரண்டு ஆள் கடையே இல்லை. இரண்டு தனிக் கடைகள். என் கணக்கு பலிக்க வேண்டுமானால் வரிசை ஒன்றுதான் இருக்க வேண்டும், யார் கை காலியோ அவரிடம் அடுத்த ஆள் போக வேண்டும். "தம்பி என்னை விட நல்லா வெட்டுவான், உட்காருங்க" என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். பையன் சும்மா இருந்ததில் பாதிக் காரணம் சோம்பல் இல்லை. அவனிடம் ஆளை அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒரு சலூனோடு முடிகிற விஷயம் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ஜெராக்ஸ் கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், பஞ்சர் கடை, பல் டாக்டர், எல்லா இடத்திலும் இதே நோய். வேலை செய்கிறவன் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் முதலாளிக்கு வயிறு எரிகிறது. வாசலில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் சும்மா நின்றால் அது 'நல்ல கூட்டம்', 'ராசியான கை'! ஆறு மணி என்று இருபது பேருக்கும் ஒரே நேரத்தைச் சொல்லி வரவழைக்கும் கிளினிக்குகள் எத்தனை? டாக்டரின் பத்து நிமிடம் வீணாகக் கூடாது என்பதற்காக இருபது பேரின் மாலை நேரம் வீணாகிறது. காத்திருப்பவரில் ஒரு கொத்தனார் இருப்பார், ஒரு பூக்காரம்மா இருப்பார். அவர்களுக்கு நேரம் என்பது அன்றைய கூலி. அந்தக் கூலி யார் கணக்கிலும் ஏறுவதில்லை. டாக்டராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தத் தப்பு ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது தெரியுமா? பையனின் சம்பளம் மாதக் கணக்கில் எழுத்தில் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர் கல்லாவில் இல்லை, நோட்டில் இல்லை, யார் கண்ணிலும் இல்லை. அவர் சண்டை போடுவதில்லை, புகார் எழுதுவதில்லை. அடுத்த தெருக் கடையில் உட்கார்ந்து, அடுத்த மாதமும் அங்கேயே போவார், மகனையும் அங்கேயே கூட்டிப் போவார். பார்க்கத் தெரிந்த செலவை வெட்டுகிறோம், பார்க்கத் தெரியாத நஷ்டத்தை வளர்க்கிறோம். இதற்கு 'நிர்வாகம்' என்று பெயர் வைத்து இரண்டு வருடம் படிக்கவும் வைக்கிறார்கள்.

ஆகவே, சிறு தொழில் செய்யும் என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இரண்டு வாரம், ஒரு நோட்டு. வந்தவர் எத்தனை, திரும்பிப் போனவர் எத்தனை, ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது. இந்த மூன்றையும் எண்ணாமல் ஆளை நிறுத்தாதீர்கள், கடன் வாங்காதீர்கள். எண்ணிய நோட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புங்கள், கணக்கு நான் போட்டுத் தருகிறேன். ஃபீஸ் கிடையாது. உங்கள் கடையில் இரண்டாவது ஆள் தேவையில்லை என்று கணக்கு வந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்வேன். வங்கியில் இருக்கும் பிள்ளைகளே, சோபாவுக்குக் கடன் கேட்டு வந்தால் 'எத்தனை கை வேலை செய்கிறது?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைக்காரத் தம்பிக்கு: அந்தப் பையனை அனுப்பாதே. வெளியே நிழலில் ஒரு பெஞ்ச் போடு, அது போதும். மாப்பிள்ளைக்கு: மேலே உள்ள எண்களில் ஒன்றாவது தப்பு என்று காட்டு, பொங்கலுக்கு உனக்கு வேட்டி சட்டை என் செலவு. கட்டை விரல் காட்டிய பதினேழு பேருக்கு: விரலை இறக்கிவிட்டுப் பேனாவை எடுங்கள். கருத்துப் பெட்டி திறந்தே இருக்கிறது. திட்டுவதாக இருந்தாலும் கணக்கோடு திட்டுங்கள்.

— உங்கள் கணக்கு வாத்தியார் (ஓய்வு)